இரும்பைத் தின்கிற ஊரில் ஒரு பிளாஸ்டிக் புராணம்

"இந்த ஊர்ல இரும்புக்கு ஆயுசு கம்மி சார். பொண்ணு பாக்க வர்றப்ப வாங்கின புது சைக்கிள், கல்யாணத்தன்னிக்கு என் கடையில வந்து நிக்கும்!"

உச்சிப்புளி கடைத்தெருவில் அந்த சைக்கிள் கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். கையில் ஒரு செயின். செயின் என்று நாம்தான் மரியாதைக்குச் சொல்கிறோம். கறிவேப்பிலைக் காம்பைச் சீனிப்பாகில் முக்கி எடுத்த மாதிரி, செக்கச்செவேலென்று ஒரே கட்டியாகக் கிடக்கிறது. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டும் மசியவில்லையாம்.

இராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற பாதையில், வடக்கே ஒரு கடல் தெற்கே ஒரு கடல் என்று இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது உச்சிப்புளி. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் உப்பு இலவசம். ஜன்னல் கம்பி, கதவுக் கீல், மீன் தராசு, டீக்கடை பாயின் பால் அடுப்பு ஸ்டாண்டு எதையும் விட்டுவைக்காது. "வருஷம் ஒரு தடவ ஸ்டாண்ட மாத்துறேன் தம்பி. அடுப்ப அணைச்சா துரு பத்துது" என்கிறார் பாய். அடுப்பை அணைக்காமலே விட்டுவிடலாம் என்று பார்த்தால் காஸ் விலை இடிக்கிறதாம்.

இது டீக்கடைப் பேச்சு மட்டுமில்லை. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், துருப்பிடிப்பதை ஆராய்ச்சி செய்வதற்கென்றே பக்கத்து மண்டபம் முகாமைத் தேர்ந்தெடுத்தார்கள். விதவிதமான உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வரிசையாக மாட்டிவைத்து, எது எவ்வளவு கரைந்தது என்று நிறுத்துப் பார்த்தார்கள். துணி காயப்போடுகிற மாதிரி இரும்பைக் காயப்போட்டிருக்கிறார்கள்! 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்கு ஆயுசு முழுக்கப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததும் இந்தக் காற்றால்தான். 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டு, மேலே பாலிசிலாக்சேன் என்ற பூச்சு பூசியிருக்கிறார்கள். வாயில் நுழையாத இந்தப் பெயர்க்காரர், பிளாஸ்டிக்குக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை.

சரி, நாம் சைக்கிள் கடைக்கு வந்தது செயினைப் பார்க்க இல்லை. அவருடைய இடது காலைப் பார்க்க.

அண்ணனுக்கு (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்) மூன்று வயதில் போலியோ வந்தது. "ஜுரம் வந்துச்சு, விட்டுச்சு. விட்டப்ப காலையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிருச்சு" என்று யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொல்கிறார். பள்ளிக்கூடத்துக்குப் போனது இரும்புக் காலிப்பரோடு. தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், நடுவில் தோல் பட்டைகள், கீழே ஒரு பூட்ஸ்.

"அது காலுக்குத் துணையா, காலு அதுக்குத் துணையான்னே தெரியாது சார். மழைக்காலத்துல கீல் துருப்பிடிச்சு மடங்காது. வகுப்புல எல்லாரும் உக்காந்திருப்பாக, நான் மட்டும் நிப்பேன். வாத்தியாரு, 'ஏண்டா நிக்கிறே, பதில் தெரியுமா?'ன்னு கேப்பாரு. தெரியாது... காலு மடங்கல சார்னு சொல்லுவேன்."

இப்போது அவர் போட்டிருப்பது வேறு. பேன்ட்டைத் தூக்கிக் காட்டுகிறார். பாதத்துக்கு அடியில் ஒரு தகடு. அது கணுக்காலைச் சுற்றி மேலே ஏறி, முழங்காலுக்குக் கீழே முன்பக்கமாக ஒரு கிண்ணம்போல் அணைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான்! கீல் இல்லை, திருகு இல்லை. பார்த்தால் வாளி உடைந்த துண்டு மாதிரி இருக்கிறது. அதற்குமேல் சாதாரணச் செருப்பு.

இந்தத் துண்டு செய்கிற வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தொடைத் தசை செத்துப்போனவர்கள் காலை ஊன்றும்போது முழங்கால் முன்பக்கம் மடங்கி ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு அடிக்கும் கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பழைய இரும்புக் காலிப்பர், முழங்காலைப் பூட்டுப் போட்டு நிறுத்தியது. புதியது அப்படிச் செய்வதில்லை. நாம் தரையை மிதிக்கும்போது தரையும் நம்மைத் திருப்பித் தள்ளுகிறதல்லவா? (பள்ளியில் நியூட்டனின் மூன்றாம் விதி என்று மனப்பாடம் செய்து மறந்தோமே, அதுதான்.) கணுக்காலை அசையாமல் பிடித்து, முன்பாதத்தில் கிளம்பும் அந்தத் தள்ளலை அப்படியே முழங்காலுக்குக் கீழே கொண்டுவந்து, காலைப் பின்னால் தள்ளி நேராக்குகிறது இந்தக் கிண்ணம். கை செய்த வேலையைத் தரை செய்கிறது. கைக்கு விடுதலை!

"அத மாட்டின அன்னிக்கித்தான் சார் ரெண்டு கையிலயும் பொருள் வாங்கிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு கையில அரிசி, ஒரு கையில மீனு. என் அம்மா வாசல்ல நின்னு பாத்துட்டு உள்ள போயிருச்சு. அழுதுச்சு போல. கேக்கல நான்."

இந்த வகைக் காலிப்பர் இந்தியாவில் பேர் வாங்கியதற்குப் பின்னால் இதே கரையைச் சேர்ந்த ஒருவர் இருக்கிறார். வேறு யார்... ராமேஸ்வரத்து அப்துல் கலாம்தான். பல மேடைகளில் அவரே சொல்லிய சம்பவம் இது. ஹைதராபாத் ஏவுகணை ஆராய்ச்சிக் கூடத்துக்கு நிஜாம்ஸ் மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஒருவர் வந்திருக்கிறார். அக்னி ஏவுகணைக்காக உருவாக்கிய பொருள் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தவர், அதன் எடையைப் பார்த்து அசந்துபோய், கலாமைக் கையோடு தன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே சின்னச் சின்னப் பிள்ளைகள் மூன்று கிலோவுக்கு மேல் கனக்கிற இரும்பைக் காலில் கட்டி இழுத்துக்கொண்டு நடந்தார்கள். மூன்றே வாரம். 300 கிராமில் காலிப்பர் தயார். மாட்டிக்கொண்டு பிள்ளைகள் ஓட, பெற்றவர்கள் கண்ணீர்விட்டார்கள்.

மூன்று கிலோவுக்கும் 300 கிராமுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றினால் ஒரு கணக்குப் போடுங்கள். அந்தக் கால் ஒரு நாளைக்கு 2,000 தடவை தூக்கி வைக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், மிச்சமாகும் சுமை 5,400 கிலோ. ஐந்து டன்னுக்கு மேல். பத்து வயசுப் பிள்ளை தினமும் ஒரு லாரி லோடைக் காலாலேயே ஏற்றி இறக்கியிருக்கிறது!

இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழும் வந்துவிட்டது. போலியோதான் போனது. போலியோ வந்தவர்கள் எங்கேயும் போகவில்லை. சைக்கிள் கடையிலும், எஸ்.டி.டி. பூத்தாக இருந்து ஜெராக்ஸ் கடையாக மாறிய இடங்களிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். வயது ஏற ஏற, தூக்குகிற ஒவ்வொரு நூறு கிராமும் அவர்களுக்குக் கணக்கு.

'பிளாஸ்டிக்' என்றாலே நமக்கு இளக்காரம். அதில் நியாயமும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் வலை வீசினால் மீனுக்கு முன்னால் கேரி பேக் வருகிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை போட்டது. கடைத்தெருவில் இன்னும் அது கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்தக் குடும்பத்தில் ஊதாரிப் பிள்ளை மட்டுமில்லை, சம்பாதித்துப் போடுகிற பிள்ளையும் உண்டு.

இட்லி மாவு கட்டித் தருகிறார்களே, அந்தப் பை பாலிதீன். பாலிதீன் என்பது நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலி. அந்தச் சங்கிலியைப் பல மடங்கு நீளமாக, எடைக் கணக்கில் முப்பது லட்சம், அறுபது லட்சம் என்று இழுத்துக்கொண்டே போனால் அதன் குணமே மாறிவிடுகிறது. சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, சிக்கெடுக்க முடியாத மீன்வலை மாதிரி ஆகிவிடும். உருக்கினால்கூட ஓடாது. அழுத்திக் கட்டியாக்கி, லேத்தில் கடைந்துதான் எடுக்க வேண்டும். தேயவும் தேயாது லேசில். மாவுப் பைக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அண்ணனுக்கு வேலை கிடைத்த இடம் எது தெரியுமா? மனித இதயம்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானும் அவருடைய இன்ஜினீயர்களும் நம் நாட்டிலேயே செயற்கை இதய வால்வு செய்வது என்று இறங்கினார்கள். மூட்டுவலிக் காய்ச்சலில் வால்வு கெட்டுப்போன ஏழைப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, வெளிநாட்டு வால்வின் விலை எட்டாத உயரத்தில். முதல் மூன்று மாடல்களும் தோற்றன. ஒன்றில் வெல்டிங் விட்டது. இன்னொன்றில், உலகத்திலேயே உறுதியான பொருட்களில் ஒன்று என்று நீலக்கல்லில் செய்து வைத்த வில்லை உடைந்தது. நாலாவது மாடலில் உலோகச் சட்டத்துக்குள் இந்த நீளச் சங்கிலி பாலிதீனால் ஆன வில்லையை வைத்தார்கள். நின்றது! 1990 டிசம்பர் 6-ம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பிறகு டி.டி.கே. நிறுவனம் தயாரிக்க, இன்றுவரை ஒரு லட்சம் பேருக்கு மேல் பொருத்தியாகிவிட்டது.

அந்தச் சின்ன வில்லை நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் திறந்து மூட வேண்டும். வருஷத்துக்கு 3 கோடியே 78 லட்சம் தடவை. தீபாவளி, பொங்கல் லீவு கிடையாது. நம் வீட்டுக் கொல்லைக் கதவை நினைத்துப் பாருங்கள்!

இதே பாலிதீன் மூட்டுக்குள் நுழைந்த கதை இன்னும் சுவாரஸ்யம். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் செயற்கை இடுப்பு மூட்டு செய்துகொண்டிருந்தார். வழவழப்பாக இருக்கிறதே என்று டெஃப்லானில் (நம் தோசைக்கல் பூச்சுதான்) கிண்ணம் செய்து சுமார் 300 பேருக்கு வைத்தும்விட்டார். மூன்று நாலு வருஷத்தில் அத்தனையும் தேய ஆரம்பித்தது. தேய்ந்த தூள் உள்ளே புண்ணாக்கியது. மனிதர் அந்தத் தூளைத் தன் தொடையிலேயே செலுத்திப் பார்த்து, கட்டி வருவதை உறுதிசெய்துகொண்டார். 1962 மே மாதம் ஒரு விற்பனைக்காரர், நெசவு ஆலைத் தறியின் பல் சக்கரத்துக்கு ஏற்றது என்று ஒரு பிளாஸ்டிக்கை அவருடைய ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். டாக்டர் அதைக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்து, "நேரத்தை வீணாக்காதே" என்கிற ரீதியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஹாரி கிரேவன் என்ற உதவியாளர் மட்டும் முதலாளி சொன்னதைக் காதில் வாங்காமல், டாக்டர் வெளிநாடு போயிருந்த நேரத்தில் அதைத் தேய்ப்பு மெஷினில் மாட்டி ராப்பகலாக ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட இது மூன்று வாரத்தில் தேயவில்லை! அதே வருஷம் நவம்பரில் அது மனித உடம்புக்குள் போய்விட்டது. சொன்ன பேச்சைக் கேட்காத ஒரு ஊழியரால் உலகத்தில் எத்தனை பாட்டிகள் எழுந்து நடக்கிறார்கள், பாருங்கள்.

அந்தப் பாட்டிகளில் ஒருவர் எங்கள் அத்தை. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் முட்டி மாற்று ஆபரேஷன். டாக்டர் படம் போட்டு விளக்கினார். மேலே உலோகம், கீழே உலோகம், நடுவில் பாலிதீன். அத்தை உஷாராகிவிட்டார். "இம்புட்டுக் காசு வாங்கிக்கிட்டு பிளாஸ்டிக்கா வைக்கிறாக? எவர்சில்வர்ல கேளுடா!" கடைசிவரை அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. காசு விஷயத்தில் அத்தை சொன்னதில் தப்பில்லை. மூட்டு விலையில் நடந்த கூத்தைப் பார்த்துத்தான் 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு உச்சவரம்பு போட்டது. வழக்கமான கோபால்ட்-குரோமியம் முழங்கால் மூட்டுக்கு வரி நீங்கலாக ரூ. 54,720 என்று. அதற்கு முன்னால் லட்சத்துக்கு மேல் பில் கட்டியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

இந்தக் குடும்பத்தின் பணக்கார மாப்பிள்ளை 'பீக்' என்ற ரகம். 1978-ல் இங்கிலாந்து ஐ.சி.ஐ. கம்பெனியில் பிறந்தது. 343 டிகிரியில்தான் உருகும். ஆபரேஷன் கருவிகளைக் கொதிநீராவியில் எத்தனை தடவை அவித்தாலும் அசையாது. முதுகெலும்புக்கு நடுவே முட்டுக்கொடுக்க இதைத்தான் வைக்கிறார்கள். காரணம், எலும்புக்கு நெருக்கமான விறைப்பு. இரும்பை வைத்தால் சுமை முழுவதையும் அதுவே தாங்கிக்கொண்டு, பக்கத்து எலும்பு சோம்பேறியாகி மெலிந்துபோகும். எக்ஸ்-ரேயிலும் மறைக்காது, எலும்பு கூடியதா என்று டாக்டர் பார்த்துக்கொள்ளலாம். குஜராத்தில் பனோலியிலேயே இது தயாராகிறது. விலை? சாதாரண பிளாஸ்டிக்கைவிடப் பல பத்து மடங்கு. ஆலை பம்பு, விமானம், எண்ணெய்க் கிணறு என்று சூடும் அமிலமும் சேர்ந்து அடிக்கிற இடமெல்லாம் இப்போது இவர்தான்.

எல்லாம் சரி, குறையே இல்லையா? இருக்கிறது. அதைச் சொல்ல நம் சைக்கிள் கடை அண்ணனைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

"சார், இரும்பு உடஞ்சா நானே பத்த வைப்பேன். பட்டறையில அஞ்சு நிமிச வேல. இது கீறல் விட்டுச்சுன்னா முடிஞ்சுது. ஒட்டுனா நிக்காது, வெல்டிங் வைக்க முடியாது. திரும்ப அளவெடுக்கணும். மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுத்து, அடுப்புல வச்சுத் தகடு பளிங்கு மாதிரி ஆகுற வரைக்கும் சூடாக்கி, அப்பளத்தைக் கவுத்துற மாதிரி அச்சு மேல கவுத்தி உறிஞ்சி எடுப்பாக. பாத்திருக்கேன். ஆனா அது எங்க? மதுரைக்குப் போகணும், இல்லாட்டி முகாம் வர்ற வரைக்கும் காத்துக் கெடக்கணும். போன தடவ நாலு மாசம் சார். நாலு மாசமும் பழைய இரும்பு!"

வெயிலும் இதற்கு ஆகாது. நம் கொல்லையில் கிடக்கிற பழைய வாளியைத் தொட்டால் பொடிந்துபோகிறதே, அதே வியாதி. இடுப்பு, முழங்கால் மூட்டுகளில்கூட, கிருமி நீக்க ஒரு காலத்தில் காற்றுப்பட கதிர்வீச்சுக் காட்டியதில் பாலிதீன் உள்ளுக்குள்ளேயே நொய்ந்து கீறல்விட்ட சமாச்சாரம் உண்டு. பிறகுதான் முறையை மாற்றினார்கள். பிளாஸ்டிக்குக்குத் துருப்பிடிக்காது என்பது நிஜம். வயசாகாது என்பது வியாபாரப் பேச்சு.

வடக்கே ஒரு யோசனை வேலை செய்கிறது. ஜெய்ப்பூர் கால் செய்கிறவர்கள் தண்ணீர் போகிற பாலிதீன் குழாயையே எடுத்து, சூடுகாட்டி, அச்சின் மேல் மாட்டிக் காலாக்கிவிடுகிறார்கள். வந்தவர் அன்றைக்கே போட்டுக்கொண்டு போகிறார். உச்சிப்புளியில் குழாய்க்குப் பஞ்சமில்லை. சூடுகாட்டுகிற அடுப்பும் கைதேர்ந்த ஒரு ஆளும்தான் இல்லை. மாவட்டத்துக்கு இப்படி ஒன்று, பஸ்ஸில் போய்த் திரும்புகிற தூரத்தில் இருந்தால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன்.

"என்ட்ட கேக்குறீகளே சார்!" என்கிறார்.

பரணைக் காட்டுகிறார். அங்கே பழைய இரும்புக் காலிப்பர், கிரீஸ் தடவித் துணி சுற்றி இருக்கிறது. அதன் கொக்கியில் நாலைந்து டியூப்கள் தொங்குகின்றன. எடைக்குப் போடவில்லையா? "போடலாம்னுதான் இருந்தேன். அந்த நாலு மாசத்துக்கப்புறம் போடல."

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே தடதடவென்று ஒரு ஹெலிகாப்டர். இங்கே 2009 முதல் ஐ.என்.எஸ். பருந்து என்ற பெயரில் கடற்படையின் விமானதளம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் யாரும் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை, நாம்தான் வாயைப் பிளந்தோம். பெங்களூரில் செய்கிற 'துருவ்' ஹெலிகாப்டருக்கு மேலே சுற்றுகிற இறக்கைகூட நார் கலந்த பிளாஸ்டிக் வகைதான் என்று படித்ததை, மேதாவித்தனமாக அண்ணனிடம் எடுத்துவிட்டேன். வைக்கோல் கலந்து மண்சுவர் வைக்கிற மாதிரி, நாரை உள்ளே போட்டுப் பிசினில் இறுக்கியது என்று.

செயினை மறுபடி மண்ணெண்ணெயில் போட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி கேட்டார்:

"அப்ப அதுல கீறல் விட்டா சார்... அதுக்கும் முகாம் வர்ற வரைக்கும் நிப்பாட்டி வச்சிருப்பாகளா, இல்ல அங்கனயே ஆள் இருக்கா?"